காரமும் ஆட்டுப்பாலும்

ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பத்தொன்பது வருடமாக வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். செய்முறைத் தேர்வுக்குச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைக்க வேண்டிய நாட்களில் லேப் உதவியாளரை அந்த பாட்டிலைத் தொட விடமாட்டேன். நானே எடை போட்டு, நானே கரைத்து, பெயர் எழுதி ஒட்டி, அலமாரியைப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொள்வேன். "மேடத்துக்கு எங்க மேல நம்பிக்கையே இல்ல" என்று அவர் மற்ற ஆசிரியைகளிடம் குறைப்பட்டிருக்கிறார். காரணத்தை நான் பள்ளியில் யாரிடமும் சொன்னதில்லை.

வீடு பாலக்கரைப் பக்கம். கணவர் குவைத்தில், மகன் சென்னையில் படிக்கிறான். வீட்டில் நானும் அம்மாவும்தான். காலையில் சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் மாறி, காவிரிப் பாலம் தாண்டி இறங்கி, உத்தர வீதி வழியாகப் பள்ளிக்கு நடப்பேன். அந்த வீதிகளில் என் அத்தா உரித்த கதவுகள் இன்னும் ஐந்தாறு இருக்கின்றன.

அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அத்தா பாலிஷ்காரர். பழைய கதவு, பீரோ, கட்டில் எல்லாவற்றிலும் அடுக்கடுக்காக ஏறிப்போன பெயிண்டை உரித்து, உள்ளே இருக்கும் தேக்கை வெளியே எடுத்து மெருகு போடுவது அவர் வேலை. உரிப்பதற்குக் காஸ்டிக் சோடா, நான் லேபில் பூட்டி வைக்கும் அதே சோடியம் ஹைட்ராக்சைடு. சின்ன வயதில் விடுமுறை நாட்களில் அவர் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன். நீண்ட குச்சியில் சணல் கட்டி, காஸ்டிக் தண்ணீரைத் தொட்டுக் கதவில் தடவுவார். கொஞ்ச நேரத்தில் பச்சைப் பெயிண்ட் அப்பளம் மாதிரி பொரிந்து எழும்பும். அதற்கடியில் நீலம், அதற்கடியில் மஞ்சள், கடைசியில் மரம். எனக்கு அது மாயாஜாலம். பத்தடி தள்ளித்தான் நிற்கவேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. தங்கைக்கு நான்கு.

நான் படிக்கும்போது நோட்டு வைத்து எழுத ஒரு சின்ன மர ஸ்டூல் இருந்தது. அதற்கும் பச்சைப் பெயிண்ட். அத்தா மாதிரி நானும் அதை உரித்து, உள்ளே என்ன மரம் என்று பார்க்கவேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசை வந்தது. மாடியில் அத்தா காஸ்டிக் கரைத்து வைத்திருந்த டின் இருந்தது. கனமான டின். அதைத் தூக்க முடியாமல், மெல்லச் சரித்து, விருந்தாளி குடித்துவிட்டு வைத்த ஒரு காலி கலர் பாட்டிலில் கால்வாசி ஊற்றிக்கொண்டேன். ஸ்டூலின் மேல் கொஞ்சம் சாய்த்தேன். பச்சை பொங்கியது. அந்த நேரம் அம்மா கீழேயிருந்து கூப்பிட்டார். கொத்தமல்லி வாங்கி வரவேண்டும். அத்தா மாடிக்கு வந்தால் பார்த்துவிடுவார் என்று பயந்து, ஸ்டூலைச் சுவரோரம் திருப்பி வைத்துவிட்டு, பாட்டிலைக் கையோடு கீழே கொண்டுவந்து, அடுக்களையில் தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். பார்க்கத் தண்ணீர் போலவே இருந்தது.

கடைக்குப் போய்வரப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. குழந்தையின் சத்தமென்று முதலில் எனக்குத் தோன்றவில்லை.

பாட்டிலில் இருந்ததைத் தங்கை ஒரு வாய்தான் குடித்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வையுங்கள் என்று யாரோ சொல்ல, அப்படியே செய்தார்கள். உள்ளே போகும்போது சுட்டது, வெளியே வரும்போது இன்னொரு முறை சுட்டது. காஸ்டிக் போன்ற காரம் குடித்தவரை வாந்தி எடுக்க வைக்கக்கூடாது என்று இன்று ஒவ்வொரு வருடமும் என் மாணவிகளுக்கு முதல் வகுப்பிலேயே சொல்கிறேன். அன்று அது எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "காஸ்டிக்க கலர் பாட்டில்ல யாருய்யா ஊத்தி வச்சது?"

நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தா சொன்னார்.

"நான்தாங்க. வேலைக்குக் கொண்டுபோக ஊத்தி வச்சேன். மறந்துட்டேன்."

என் வாய் மூடிக்கொண்டது. முப்பத்தாறு வருடம் மூடியே இருந்தது.

மறுநாள் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். ஸ்டூல் இல்லை. டின்னும் இல்லை. அத்தாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டதா, அல்லது குழப்பத்தில் தான்தான் ஊற்றினோம் என்று நிஜமாகவே நம்பிவிட்டாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு அது கேட்க முடியாத கேள்வியாக ஆகிப்போனது.

தங்கை பிழைத்துக்கொண்டாள். ஆனால் உணவுக்குழாய் தழும்பேறிச் சுருங்கிவிட்டது. முதல் வருடம் வயிற்றில் குழாய் போட்டுத்தான் பால் ஊற்றினார்கள். அப்புறம் வாய் வழியாகப் பால். சோறு குழைத்துக் கொடுக்க ஆரம்பித்தபோது அவளுக்கு ஏழு வயது. சில மாதங்களுக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய் உணவுக்குழாயை விரித்துவிட்டு வருவார்கள். வளர வளர இடைவெளி கூடியது. ஆனால் இன்றைக்கும் ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டும். விழுங்கும்போது அவள் தொண்டையில் சின்னதாக ஒரு சத்தம் கேட்கும். பந்தியில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும், எவ்வளவு பேச்சிருந்தாலும் எனக்கு அந்தச் சத்தம் தனியாகக் கேட்கும். அவள் முசிறியில் இருக்கிறாள், நான் இங்கே தனியாகச் சாப்பிடுகிறேன், அப்போதும் கேட்கும்.

அத்தா அதற்குப் பிறகு காஸ்டிக்கைத் தொடவில்லை. உடைந்த கண்ணாடித் துண்டை வைத்துக் கையாலேயே சுரண்டினார். ஒரு கதவுக்கு இரண்டு நாள் ஆன இடத்தில் பத்து நாள் ஆனது. விரல்களெல்லாம் கீறல். கோபம் வந்தால் அம்மா, "பெத்த பிள்ளைக்கு விஷம் வச்ச கைதானே" என்று சொல்லிவிடுவார். அத்தா பதில் பேசமாட்டார். நான் அடுத்த அறையில் படித்துக்கொண்டிருப்பேன்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு வந்தது. வீட்டில் யார் தண்ணீர் குடிக்க எடுத்தாலும், "இரு" என்று வாங்கி, முகர்ந்து, ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். விருந்தாளிகள் சிரிப்பார்கள். எனக்குக் கல்யாணமாகி மறுவீடு வந்த அன்றும் என் டம்ளரை வாங்கி முகர்ந்தார். ஆறு வருடம் முன்பு கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தேன். ஸ்பூனை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார்.

அவர் மவுத்துக்குப் பிறகு அந்தப் பழக்கம் எனக்கு வந்தது. டம்ளரை எடுத்தால் கை தானாக மூக்குக்குப் போகும். சில நாள் பள்ளிக்கு நடக்கும்போது, மூடிய ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து கண்ணாடியால் மரத்தைச் சுரண்டும் சத்தம் கேட்கும். நின்று கவனித்தால் ஒன்றுமிருக்காது.

போன வருடம் தங்கை போன் செய்தாள். அவள் கணவருக்கு முசிறியில் வாழைக்காய் வியாபாரம். வீட்டில் நாலைந்து வெள்ளாடு.

"அக்கா, ஆட்டுப்பால்ல சோப்பு பண்றாங்கல்ல, அத நான் கத்துக்கப் போறேன். நீ கெமிஸ்ட்ரி டீச்சர்தானே, சொல்லிக் குடு."

"அதுக்குக் காஸ்டிக் சோடா வேணும்" என்றேன்.

"தெரியும். வீடியோல பாத்தேன்."

"வேண்டாம்மா. கடையில சோப்பு பேஸ் விக்கிறாங்க, உருக்கி ஊத்தினாப் போதும்."

"ஏன், நான் மறுபடியும் குடிச்சிருவேன்னு பயப்படுறியா?" என்று சிரித்தாள். அவளுக்குச் சிரிக்க முடிகிறது. எனக்கு முடியவில்லை.

அரைப் பரீட்சை விடுமுறையில் ஒரு காலை முசிறியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஆட்டுப்பாலை ஐஸ் தட்டில் ஊற்றிக் கட்டியாக்கி, துணி சுற்றி, மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டியில் கொண்டுவந்திருந்தாள். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, சமையலறைத் தராசு, எல்லாம் அவளே வாங்கியிருந்தாள். காஸ்டிக் மட்டும் நான் வாங்கி வைத்திருந்தேன். மூன்று நாளாக அதை அலமாரியில் பூட்டி, பூட்டியிருக்கிறதா என்று எழுந்து எழுந்து பார்த்திருந்தேன்.

அடுக்களையில் வேண்டாம் என்று மாடிக்குப் போனோம். காற்று நன்றாக இருந்தது. அம்மாவைக் கீழேயே இருக்கச் சொன்னேன். இரண்டு வாளி தண்ணீர் நிரப்பிப் பக்கத்தில் வைத்தேன். முழுக்கை நைட்டி, கையுறை, கண்ணாடி போட்டு அவளை நிறுத்திவிட்டு வகுப்பெடுப்பது மாதிரி ஆரம்பித்தேன்.

"அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. அரிச்சிடும், எரியிற வாயு வரும். எவர்சில்வர்தான். காரத்தைத்தான் பால்ல போடணும், பாலைக் காரத்து மேல ஊத்தக்கூடாது. ஊத்தினா கொதிச்சு மூஞ்சில தெறிக்கும். மேல பட்டா வினிகர், எலுமிச்சம்பழம்னு தேடாத. ஓடுற தண்ணில கழுவு, கழுவிக்கிட்டே இரு."

"சரிங்க மிஸ்" என்றாள்.

எவர்சில்வர்ப் பாத்திரத்தில் பால்கட்டிகளைப் போட்டு, அதை ஐஸ் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி வைத்தோம். காரம் கரையும்போது சூடு கிளம்பும். பாலிலுள்ள சர்க்கரை அந்தச் சூட்டில் கருகி, பால் ஆரஞ்சு நிறமாகி, நாற்றமடிக்கும். அதனால்தான் உறைந்த பால், அதனால்தான் நிதானம். ஒரு ஸ்பூன் தூவி, அது கரைந்து, பாத்திரம் மறுபடி குளிர்ந்த பிறகுதான் அடுத்த ஸ்பூன்.

எடை போட நான் டப்பாவைத் திறந்தேன். வெள்ளைச் செதில்கள். பத்தொன்பது வருடம் லேபில் பார்க்கும் அதே சாமான்தான். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகம் பக்கத்தில் இருந்தது. தராசில் எண் நிற்கவில்லை.

"குடு, நான் போடறேன். நீ கிண்டு" என்று வாங்கிக்கொண்டாள்.

அவள் தூவினாள், நான் சிலிக்கான் கரண்டியால் கிண்டினேன். கட்டிகள் ஓரத்தில் இளகி, பால் மெல்ல வெளிர்மஞ்சளாக மாறியது. லேசாக ஒரு வாடை வந்தது. இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

"எனக்குப் பாலைக் கண்டாலே ஆகாது, தெரியும்ல" என்றாள். "ஏழு வயசு வரைக்கும் அதையே குடிச்சு. ஆனா இப்படிப் பாக்க நல்லாயிருக்கு. குடிக்கச் சொல்லாத வரைக்கும் அதோட எனக்குச் சண்டை இல்ல."

எடை போட்டது போகக் கொஞ்சம் மிச்சமிருந்த டப்பாவை மூடி, மார்க்கர் பேனாவால் அதன் மேல் 'விஷம்' என்று பெரிதாக எழுதினாள். எழுதிவிட்டு, அடுத்த ஸ்பூனை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"பாவம் அத்தா. அன்னைக்கு இப்படி ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருந்தாங்கன்னா போதும்ல?"

அவள் குறையாகச் சொல்லவில்லை. இரக்கத்தோடுதான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஒட்டியிருந்தாங்க" என்றேன்.

"என்ன?"

"டின்னுல சிவப்புப் பெயிண்ட்ல குறுக்குக் கோடு போட்டு வச்சிருந்தாங்க. மூடிய இறுக்கி, கம்பி சுத்தி வச்சிருந்தாங்க. நான்தான் பிரிச்சேன். கலர் பாட்டில்ல ஊத்தினது நான். குடத்துக்குப் பின்னால வச்சது நான்."

அவள் ஸ்பூன் அந்தரத்தில் நின்றது. நான் கிண்டுவதை நிறுத்திவிட்டேன்.

"கிண்டு" என்றாள். "நிறுத்தாத. அடியில தங்கும்னு நீதான சொன்ன."

கிண்டினேன். அவள் மீதியையும் ஒவ்வொரு ஸ்பூனாகத் தூவினாள். கடைசிச் செதில் கரைகிற வரை ஸ்டூல், கொத்தமல்லி, டாக்டர், எல்லாவற்றையும் நான் சொல்லிக்கொண்டே போனேன். நடுவில் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அத்தாகிட்ட சொன்னியா? சாகுறதுக்கு முன்னாடியாவது?"

"இல்ல."

"அம்மாகிட்ட?"

"இல்ல."

கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். கையுறையை உரித்தாள். வாளித் தண்ணீரில் கையை ரொம்ப நேரம் கழுவினாள்.

"என் தொண்டை போனது போகட்டும், அக்கா. நாலு வயசு, எனக்கு ஞாபகம்கூட இல்ல. அத்தாவை அம்மா பேசின பேச்சு எனக்கு ஞாபகம் இருக்கு. அத நீயும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்த?"

சாப்பிடாமல் கிளம்பிவிட்டாள். அம்மா வாசல் வரை வந்து, "என்னடி, வந்த காலோட போற?" என்றார். "பஸ் போயிடும்மா" என்று மட்டும் சொன்னாள்.

கரைத்ததை அப்படியே விட முடியாது. நான் தனியாக மாடியில் உட்கார்ந்து, கரையாத துணுக்கு எதுவும் இல்லாமல் வடிகட்டி, தேங்காய் எண்ணெய்க் கலவையில் ஊற்றி, கெட்டிப்படும்வரை கலக்கி, அச்சில் ஊற்றினேன். கண்ணாடிக்குள் கண்ணீர் நிறைந்து எதுவும் தெரியவில்லை. கையுறையோடு துடைக்கக்கூடாது என்பது மட்டும் நினைவிருந்தது.

அவள் போனை எடுக்கவில்லை. இரண்டு வாரம் பொறுத்து, ஒரு வெள்ளிக்கிழமை அம்மா குர்ஆனில் யாசீன் ஓதி முடித்து எழுந்தபோது அவரிடம் சொன்னேன்.

அம்மா என்னை வெறித்துப் பார்த்தார். "இல்ல. அவருதான் வச்சாரு. அவரு வாயாலயே சொன்னாரு, நான் கேட்டேன்" என்றார். நான் மறுபடி சொன்னேன். "சும்மா இரு. நீ சின்னப் பிள்ளை, உனக்கு என்ன தெரியும்" என்று எழுந்து போய்விட்டார். நாற்பத்தேழு வயதில் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்கு அந்தப் பழி அத்தா மேல்தான் இருந்தாக வேண்டும் என்று அப்போது புரிந்தது. இல்லையென்றால் அத்தனை வருடம் சொன்ன சொல்லையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பார்?

மூன்று நாள் கழித்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல் கேட்டார்.

"பச்சைப் பெயிண்ட் அடிச்ச ஸ்டூல் ஒன்னு இருந்துச்சே. அதுவா?"

"ஆமாம்மா."

"அத அவரு அன்னைக்கு ராத்திரியே ஒடச்சு வெந்நீர் அடுப்புல போட்டாரு. நல்ல ஸ்டூல ஏன் எரிக்கிறீங்கன்னு கேட்டேன். கரையான்னாரு." கீரைத்தண்டு கையிலேயே இருந்தது. "கரையான நான் பாக்கவேயில்ல."

அன்று அம்மா மதியம் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அத்தாவைப் பற்றி ஒரு குறையும் அவர் வாயில் வரவில்லை. ஒரு நல்ல வார்த்தையும் வரவில்லை. அவரைப் பற்றிப் பேசுவதே நின்றுவிட்டது.

ஆக, அத்தாவுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அதைச் சொல்லும்போதே தெரியுமா, வீட்டுக்கு வந்து ஸ்டூலைப் பார்த்துத் தெரிந்துகொண்டாரா, அது தெரியாது. தெரிந்துகொண்டுதான் முப்பது வருடம் கண்ணாடித் துண்டால் சுரண்டினார். தெரிந்துகொண்டுதான் என் ஸ்பூனை முகர்ந்து, என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை மன்னிப்பா, பயமா? நான் கொடுக்கும் தண்ணீர் என்பதால் முகர்ந்தாரா? தெரியாமலிருந்தபோது இருந்ததைவிட இப்போதுதான் அவர் இந்த வீட்டில் அதிகமாக இருக்கிறார். மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தத்தை எதிர்பார்த்து நிற்கிறேன். வந்தால் என்ன சொல்வது என்று வார்த்தைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

அவள் வந்துபோன இரண்டாம் மாதம் தங்கையின் கணவர் கூப்பிட்டார். அவளுக்குச் சோறு தொண்டையில் அடைத்துக்கொண்டதாம். உணவுக்குழாயை விரிக்கத் திருச்சிக்குக் கூட்டிவருகிறேன் என்றார். நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். சிகிச்சை முடிந்து படுத்திருந்தாள். என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவிடம் சொன்னதையும் ஸ்டூல் எரிந்த கதையையும் சொன்னேன்.

"அத்தா, ரெண்டு பிள்ளைல ஒன்னு போனது போதும்னு நெனச்சிருப்பாங்க" என்றாள். குரல் கரகரவென்றிருந்தது.

"உனக்கு என் மேல கோவம் போகலையா?"

"இல்ல. போகும்னு தோணல." பிறகு, "அந்த சோப்பு என்ன ஆச்சு?" என்றாள்.

"காஞ்சிருச்சு. நல்லாத்தான் வந்திருக்கு."

"குளிச்சுப் பாத்தியா?"

"இல்ல."

"குளிச்சுப் பாத்துச் சொல்லு. அடுத்த வாரம் இன்னும் ரெண்டு ஆடு கறக்கும்."

இப்போது முசிறியில் அவளே செய்கிறாள். மாதம் ஒருமுறை, ஞாயிறு காலையில் போன் வரும். போனை ஸ்பீக்கரில் போட்டு எங்கோ பக்கத்தில் வைத்துவிடுவாள். பேசமாட்டாள். நானும் பேசமாட்டேன். எவர்சில்வரில் கரண்டி உரசும் சத்தம், ஆடு கத்தும் சத்தம், ஸ்பூனைத் தராசில் வைக்கும் சத்தம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருப்பேன். எதற்காகக் கூப்பிடுகிறாள் என்று கேட்டதில்லை. என் பயத்துக்காகவா, தண்டனையாகவா, துணைக்காகவா, தெரியவில்லை. முடிந்ததும், "ம், வச்சிடறேன்" என்பாள். நான் சிறிது நேரம் போனைக் காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருப்பேன்.